டிரெய்லரில் ஏறும் 22 அடியா, பெருங்கடல் செல்லும் 40 அடியா: ஒரு குடும்பத்தின் படகுத் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

கணவர், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள் என மூவர் கொண்ட ஒரு குடும்பம் தனது முதல் சொந்தப் பாய்மரப் படகைத் தேர்ந்தெடுத்த விதத்தையும், அந்தத் தேர்வு அடுத்த இரண்டு பருவங்களில் எப்படி நின்றது என்பதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பெரியவர்கள் இருவரும் பல ஆண்டுகளாகச் பாய்மரப் படகுச் சங்கத்துக்குச் சொந்தமான, கேபின் இல்லாத சிறு படகுகளில் பழகியவர்கள்; காற்றின் போக்கை அறிந்து பாயைத் திருத்தவும், கவிழ்ந்த படகை நிமிர்த்தி மீண்டும் ஏறவும் நன்கு தெரிந்தவர்கள். ஆனால் கரை கண்ணில் படாத தொலைவில் ஓர் இரவைக் கழித்ததில்லை. என்றேனும் ஒரு பெருங்கடலைப் பாய்விரித்துக் கடக்க வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான, நெடுநாளைய ஆசை.

அவர்கள் முன் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்று, காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றிச் செல்லக்கூடிய, கீலை (படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் பகுதியை) மேலே தூக்கிக்கொள்ளும் வசதியுள்ள 22 அடிப் படகு. மற்றொன்று, நாற்பது ஆண்டுகளைத் தொட்டுக்கொண்டிருந்த, வயதின் காரணமாகவே அவர்களது கைக்கெட்டும் விலையில் வந்திருந்த, ஆழ்கடல் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட 40 அடிப் படகு. இரண்டில் எது நல்ல படகு என்று கேட்டுத்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். இரண்டுமே நல்ல படகுகள்தான் என்பதால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகர முடியாது. அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த நாட்களில், எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம் கடலில் இருக்கப்போகிறீர்கள் என்று எழுதித் தாருங்கள் எனக் கேட்டேன்.

எழுதிக் கொண்டுவந்ததில் கடல் கடக்கும் பயணம் ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு வார விடுப்பு, மகளின் தேர்வுகளைப் பொறுத்துக் கிடைக்கும் வார இறுதிகள், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய ஏரி, மூன்று மணி நேரத்தில் கடற்கரை என்பவையே இருந்தன. படகை அடுத்து வரும் சில ஆண்டுகளில் உண்மையாகவே செல்லப்போகும் பயணங்களுக்காக வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என்றோ செல்லவிருக்கும் பயணத்துக்காக இன்றே வாங்கப்படும் பெரிய படகுகள், கட்டிய கயிறு அவிழாமல் துறையிலேயே மூப்படைவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. ஆயினும் கருத்தை மட்டும் சொல்லி ஒருவரின் ஆசையைத் தள்ளிவைக்கச் சொல்வது முறையாகாது என்பதால், இரு வகைகளையும் கணக்கிட்டுப் பார்த்தோம்.

எடையில் இருக்கும் எல்லைக்கோடு

ஒப்பீட்டுக்காக, அந்தந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டான இரண்டு வடிவமைப்புகளின் அளவுகளை எடுத்துக்கொண்டோம். 1970-ஐ ஒட்டி வெளிவந்து, 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட கேட்டலினா 22, முதல் வகைக்கு. படகு வடிவமைப்பாளர் ராபர்ட் பெர்ரி 1970-களின் முற்பகுதியில் வரைந்த வேலியண்ட் 40, இரண்டாம் வகைக்கு. தூக்குகீல் கொண்ட கேட்டலினா 22-இன் நீளம் 6.55 மீட்டர், அகலம் 2.34 மீட்டர், எடை ஏறத்தாழ 1,020 கிலோ. அதில் சுமார் 250 கிலோ, கவிழாமல் காக்கும் நிலைப்பாரமாக அடியில் தொங்கும் இரும்புக் கீலில் இருக்கிறது. வேலியண்ட் 40-இன் நீளம் ஏறத்தாழ 12.2 மீட்டர், அகலம் 3.76 மீட்டர், எடை 10,200 கிலோ, நிலைப்பாரம் மட்டும் சுமார் 3,500 கிலோ. நீளம் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. எடையோ சரியாகப் பத்து மடங்கு.

இந்தப் பத்து மடங்கு வேறுபாடு எதில் வெளிப்படும் என்பதைக் குடிநீரை வைத்துப் பார்க்கலாம். இருவர் 30 நாள் கடலில் இருக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 240 லிட்டர், அதாவது 240 கிலோ தண்ணீர் வேண்டும். பெரிய படகுக்கு அது அதன் எடையில் இரண்டரை விழுக்காட்டுக்கும் குறைவு, ஏற்றியதே தெரியாது. சிறிய படகுக்கு அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. உணவும், எரிபொருளும், உதிரிப் பாய்களும், இரண்டு மனிதர்களும் ஏறுவதற்கு முன்பே அந்தப் படகு தன் நீர்க்கோட்டுக்குக் கீழே அமிழ்ந்து, அலைக்கு எழும் சுறுசுறுப்பை இழந்துவிடும்.

நீளத்தை வைத்துப் படகின் தகுதியை அளப்பது பரவலான பழக்கம் என்பதால், லின், லாரி பார்டி தம்பதியர் 1968-இல் நீரில் இறக்கிய செராஃபின் என்ற படகையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். எஞ்சின் இல்லாமலேயே அவர்கள் உலகைச் சுற்றிவந்த அந்தப் படகின் நீளம் 24 அடியும் சில அங்குலங்களும்தான். கேட்டலினா 22-ஐவிட மூன்றடி கூடுதல் என்று சொல்லலாம். ஆனால் அதன் எடை ஐந்து டன்னை நெருங்கியது. நீளத்தில் சிறியதாக இருந்தும் அது டிரெய்லர் படகுகளின் இனத்தைச் சேர்ந்ததாக இல்லாமல் போனதற்கு அந்த எடையே காரணம். காருக்குப் பின்னால் இழுக்கத்தக்க எடையும் பெருங்கடலுக்கான சுமைதாங்கும் திறனும் ஒரே படகில் சேர்வது மிகவும் அரிது. இந்தத் தேர்வில் நடுவழி எளிதில் கிடைக்காததும் இதனால்தான். 30 அடிப் படகு ஒன்றை இடைநிலைத் தீர்வாகக் குடும்பம் சில நாட்கள் யோசித்தது. அதைக் காரால் இழுக்க முடியாது, அவர்கள் பார்த்த படகு கடல் கடக்கக் கட்டப்பட்டதும் இல்லை. எனவே அந்தப் பேச்சு விரைவில் முடிந்தது.

கவிழும் ஆபத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. 1979-ஆம் ஆண்டின் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன; புயலில் 5 படகுகள் மூழ்கின, 24 படகுகளை அவற்றின் குழுவினர் கைவிட்டனர், 15 பந்தயக்காரர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகு நடந்த ஆய்வுகளிலிருந்து ஓர் எளிய சோதனைக் கணக்கு பிறந்தது. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் படகின் அகலத்தை அடியில் வகுக்க வேண்டும். விடை 2-க்குக் கீழே இருந்தால் ஆழ்கடலுக்குப் பரிசீலிக்கலாம். வேலியண்ட் 40-க்கு 1.75 வருகிறது, கேட்டலினா 22-க்கு 2.34. இந்தக் கணக்கு, நிலைப்பாரம் எவ்வளவு தாழ்வாக வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே இதை முடிவான தீர்ப்பாகக் கொள்ளாமல் வடிகட்டியாக மட்டும் கொள்ள வேண்டும். ஐரோப்பிய வகைப்பாடு வேறொரு வழியில் இதே எல்லையைச் சொல்கிறது: 'சி' பிரிவுப் படகு, காற்றின் வலிமையை எண்ணால் குறிக்கும் போஃபர்ட் அளவுகோலில் காற்றளவு 6 வரைக்கும் 2 மீட்டர் அலை வரைக்கும், 'பி' பிரிவு காற்றளவு 8 வரைக்கும் 4 மீட்டர் அலை வரைக்கும், 'ஏ' பிரிவு அதற்கும் மேற்பட்ட நிலைக்கும் உரியது.

சிறு படகில் பெருங்கடலைக் கடந்தவர்கள் இல்லையா என்று கணவர் கேட்டார். உண்டு. ராபர்ட் மேன்ரி 1965-இல் பதின்மூன்றரை அடிப் படகில் 78 நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்தார். ஷேன் ஆக்டன் 18 அடிப் படகில் 1972-இல் கிளம்பி, 1980-இல் உலகைச் சுற்றி முடித்தார். மேன்ரி பயணத்தின்போது பலமுறை படகிலிருந்து கடலில் வீசப்பட்டார், தூக்கமின்மையால் இல்லாதவர்களைப் படகில் கண்டார். அவரது துணிவின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் மகளோடு செல்லும் குடும்பத்துக்கு அதை நான் வழியாகக் காட்ட மாட்டேன். மறுபக்கம், கனமான படகு இருந்தால் கடல் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் தவறானது. 2018 செப்டம்பரில் இந்தியக் கடலோடி அபிலாஷ் டோமியின் துரியா என்ற படகு, ஆழ்கடலுக்கென்றே கட்டப்பட்டிருந்தும், தெற்கு இந்தியப் பெருங்கடலில் உருட்டப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. முதுகெலும்பு காயமடைந்த அவர் படகுக்குள் அசையமுடியாமல் மீட்புக்காகக் காத்திருந்தார்.

வேகத்தைப் பொறுத்தவரை கணக்கு அவர்களை வியக்கவைத்தது. நீர்க்கோட்டு நீளத்தின்படி பெரிய படகின் உச்ச வேகம் ஏறத்தாழ 7.8 நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் என்பது ஒரு நாட்), சிறியதற்கு 5.9 நாட். சராசரியாக 5.5 நாட் வேகத்தில் இரவும் பகலும் ஓடினால் பெரிய படகு ஒரு நாளில் 132 கடல்மைல், அதாவது சுமார் 245 கிலோமீட்டர் போகும். டிரெய்லரில் ஏறிய சிறு படகு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மணி நேரத்தில் 640 கிலோமீட்டர் போய்விடுகிறது, அதுவும் எதிர்க்காற்று, கடல் குமட்டல், இரவுக்காவல் எதுவும் இல்லாமல். இரண்டு வார விடுப்பே உள்ளவர்களுக்குப் புதிய கரைகளைக் காட்டுவதில் சிறு படகின் கை ஓங்கியிருக்கிறது. சாலையே இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்றால்தான் பெரிய படகு இன்றியமையாதது ஆகிறது. பல நாடுகளில் தனி அனுமதியின்றிச் சாலையில் செல்லும் அகலம் 2.5 அல்லது 2.6 மீட்டரோடு முடிகிறது, 2.34 மீட்டர் அதற்குள் அடங்கிவிடுகிறது.

மலிவான பெரிய படகின் உண்மை விலை

என் பார்வையில் இந்தத் தேர்வின் மையம் இங்கேதான் இருந்தது. 40 அடிப் படகின் கேட்பு விலை, அவர்கள் அஞ்சியதைவிட மிகவும் குறைவு. அந்தக் குறைவுதான் அவர்களை ஈர்த்தது. படகு பழையதாகும்போது அதன் விற்பனை விலை இறங்குகிறது. ஆனால் அதற்கு வேண்டிய பாய், எஃகு வடம், டீசல் எஞ்சின், கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்ச், நங்கூரச் சங்கிலி ஆகியவற்றின் விலை இன்றைய புதிய 40 அடிப் படகுக்கு என்னவோ அதுவேதான். ஆண்டுப் பராமரிப்புக்குப் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கை, வாங்கிய விலையின் மேல் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அதே அளவுள்ள புதிய படகின் விலையின் மேல் போட்டுப் பார்த்தால்தான் வரப்போகும் செலவு ஓரளவு கண்ணுக்குத் தெரியும்.

படகை ஆய்வு செய்தவர் அழைத்தபோது நானும் உடன் சென்றிருந்தேன். பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் எஃகு வடங்கள், தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் தட்டையான எஃகுப் பட்டைகளில்தான் முடிகின்றன. மேலே தெரிந்த பகுதி பளபளப்பாக இருந்தது. உள்ளே அலமாரியின் பின்பலகையைக் கழற்றியபோது, பட்டை தளத்தைத் துளைக்கும் இடத்துக்குக் கீழே தேநீர் நிறத்தில் ஒரு கறை மரத்தில் வழிந்து காய்ந்திருந்தது. துருப்பிடிக்காத எஃகு, காற்றுப் படாமல் ஈரத்தில் புதைந்திருக்கும் இடத்தில் ஆக்சிஜன் கிடைக்காமல் தன் காப்புப் படலத்தை இழந்து, வெளியே தெரியாதபடி இடுக்கில் அரிக்கப்படும். பட்டையை வெளியே இழுத்துப் பார்க்காமல் அதன் நிலையைச் சொல்ல முடியாது. இழுக்க வேண்டுமானால் உள்ளலங்காரம் முழுவதையும் அந்தப் பக்கத்தில் பிரிக்க வேண்டும். எஃகு வடங்களை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், அவை மாற்றப்பட்டதற்கு எந்த ஆவணமும் இல்லை. தளத்தின் சில இடங்களில் ஆய்வாளரின் சுத்தியல் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தது. அடியில் உள்ள மரம் நீர் குடித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இவை எதுவும் அந்தப் படகின் குறைபாடு என்று சொல்ல மாட்டேன். அந்த வயதுள்ள, நேர்மையாகப் பயன்படுத்தப்பட்ட எந்தப் படகிலும் இவை இருக்கும். முழுநேரத்தையும் படகுக்குக் கொடுக்கக்கூடியவர் கையில் அது மீண்டும் கடல் கடக்கும். இந்தக் குடும்பத்திடம் இருந்ததோ வார இறுதிகள் மட்டும். அந்த வார இறுதிகள் முழுவதும் பாய் விரிப்பதற்குப் பதிலாகப் பழுது பார்ப்பதற்கே போயிருக்கும், அதுவும் மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு.

இருவர் என்பது இரவில் ஒருவர்

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் 40 அடிப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்று சொன்னேன், எடுத்தார்கள். பெரிய படகின் நன்மைகளை முதலில் சொல்ல வேண்டும். மகளுக்குத் தனி அறை கிடைத்தது, நிமிர்ந்து நின்று சமைக்க முடிந்தது, சிறு படகுகளைத் துள்ளவைக்கும் அலைகளை அது அமைதியாகத் தாண்டியது. மனைவிக்கு அந்தப் படகின் மேல் உண்மையான அன்பு பிறந்துவிட்டது.

மூன்றாம் நாள் காற்று 20 நாட் வேகத்தைத் தொட்டபோது வேறொன்று தெரிந்தது. பாயின் மேல் விழும் விசை, பரப்போடு நேர் விகிதத்திலும் காற்றின் வேகத்தோடு இருபடியாகவும் கூடுகிறது. 37 சதுர மீட்டர் முன்பாய் ஒன்றின் கயிற்றில் 20 நாட் காற்றில் 300 கிலோவுக்கு மேல் இழுவை இருக்கும். 30 நாட் காற்றில் அது 700 கிலோவாகிறது. சங்கப் படகில் கையால் பிடித்துப் பழகிய கயிறு இங்கே விஞ்சில் நான்கு சுற்றுச் சுற்றி நரம்புபோல் விறைத்து நின்றது. பழக்கத்தால் ஒரு சுற்றைச் சட்டென அவிழ்க்கப்போன கணவரின் கையை, உடனிருந்த அனுபவசாலி தட்டிவிட்டார், விரல் தப்பியது. அன்று மாலை மனைவி குமட்டலால் படுத்துவிட, மகளும் சோர்ந்துவிட, 10 டன் படகைத் துறைக்குள் குறுக்குக் காற்றில் திருப்பும் வேலை நடைமுறையில் ஒருவர் பொறுப்பில் வந்தது.

நெடும்பயணத்தில் இது விதிவிலக்காக இருக்காது. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் வரையான 2,700 கடல்மைல் தூரத்தை மேற்சொன்ன வேகத்தில் கடக்க இருபது நாட்கள் ஆகும். நம்பத்தக்க வானிலைக் கணிப்பு சில நாட்களோடு நின்றுவிடும் என்பதால், எஞ்சிய நாட்களில் வருவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இருவர் முறைவைத்துக் காவல் இருந்தால், ஒருவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் மற்றவர் தூங்குகிறார். எனவே படகில் இருக்கும் ஒவ்வொரு வேலையையும், பாயைச் சுருக்குவது உட்பட, இருவரில் ஒவ்வொருவரும் இருட்டில் தனியாகச் செய்ய முடிய வேண்டும். இதைக் கேட்டதும் மனைவி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அப்படியென்றால் நாங்கள் பார்க்க வேண்டியது அவரால் முடிகிற படகை இல்லை, என்னால் தனியாக முடிகிற படகை." இந்த ஆய்வு முழுவதிலும் மிகச் சரியான அளவுகோலைத் தந்தவர் அவர்தான்.

தேர்வும் அதற்குப் பின்னும்

குடும்பம் 22 அடிப் படகை வாங்கியது. அந்தத் தேர்வு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் எதிர்பார்த்த காரணங்கள் அனைத்தும் பலிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் வீட்டிலிருந்து இழுத்துச் சென்று நீரில் இறக்கலாம் என்ற எண்ணம் முதல் பருவத்திலேயே தளர்ந்தது. படகை இறக்குவதற்கு முன் பாய்மரத்தை நிறுத்த வேண்டும். அது மேலெழும்போது பக்க வடங்களில் ஏதேனும் ஒன்று தளத்தின் விளிம்பிலோ சாளரச் சட்டத்திலோ சிக்கிக்கொள்ளும். வடத்தின் அடியிலுள்ள முறுக்குத் திருகு சரிந்த நிலையில் மாட்டிக்கொண்டால், பாய்மரத்தின் பாரம் அதை ஒரு நொடியில் வளைத்துவிடும். அவர்களுக்கு அப்படி ஒன்று வளைந்து, அன்றைய நாள் முழுவதும் வீணானது. மேலே மின்கம்பி செல்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தலை நிமிர்ந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கச் சொல்லியிருந்தேன். உலோகப் பாய்மரம் கம்பியைத் தொட்டு உயிர்போன நிகழ்வுகள் உண்டு என்பதால் இதில் சிறிதும் தளர்வு கூடாது. ஆயத்தப் பணிகளே காலைப் பொழுதை விழுங்கியதால், இரண்டாம் பருவத்தில் பாய்மரம் நிறுத்திய நிலையிலேயே படகை ஏரிக்கரைத் தரைக்கொட்டிலில் வைத்துவிட்டு, நீண்ட விடுப்புக்கு மட்டும் கடலுக்கு இழுத்துச் செல்வது என்று மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் படகு அடிக்கடி நீரைக் கண்டது.

நிமிர்ந்து நிற்க முடியாத கேபினில் இரண்டு நாள் மழையில் அடைபட்ட மகள், இனி வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளை மீண்டும் அழைத்துவந்தது சுக்கான்தான். ஒரு டன் படகு என்பதால் தவறு செய்யும் உரிமையை அவளுக்குக் கொடுக்க முடிந்தது. துறையில் இடித்தால் காலால் தள்ளிவிடலாம், மணல்திட்டில் ஏறினால் கீலைத் தூக்கிக்கொண்டு அறுபது சென்டிமீட்டர் நீரில் வெளியேறிவிடலாம். பத்து டன் படகில் எந்தப் பெற்றோரும் ஒரு சிறுமியிடம் சுக்கானை அப்படி ஒப்படைக்கத் துணிய மாட்டார்கள். இன்று மூவரில் நெருக்கடியான துறைக்குள் படகை அழகாகக் கொண்டுவந்து நிறுத்துபவள் அவள்தான்.

கடல் கடக்கும் ஆசையை அவர்கள் மூட்டைகட்டி வைக்கவில்லை. கணவரும் மனைவியும் வெவ்வேறு காலத்தில், பிறரது படகுகளில் குழுவினராகச் சேர்ந்து இரவும் பகலுமாகப் பயணம் செய்து வந்தார்கள். மனைவிக்கு முதல் இரண்டு நாள் குமட்டல், பிறகு எதுவும் இல்லை. கணவருக்கோ குமட்டலே கிடையாது. ஆனால் பகலில் அவரால் தூங்க முடியவில்லை, நான்காம் நாள் அவரது முடிவுகளில் தெளிவு குறைந்ததைப் படகின் தலைவரே கவனித்துச் சொல்லியிருக்கிறார். எந்தப் படகை வாங்கியிருந்தாலும், துறையில் கட்டிவைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டு உண்மைகளும் தெரிந்திருக்காது.

அதன் விளைவாக, பிற்காலத்தில் வாங்கவிருக்கும் ஆழ்கடல் படகைப் பற்றிய அவர்களது எண்ணமும் மாறியிருக்கிறது. 40 அடி என்பது 34 முதல் 36 அடியாகக் குறைந்துள்ளது. எடை ஏழெட்டு டன். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய சுஹைலி என்ற படகு 32 அடிதான் என்பதால், இந்த அளவில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. முன்பாய் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சிறிய முன்பாய்கள், படகின் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில் சாய்ந்தாலும் உருளாத குறுகிய படுக்கை, அங்கே பகலிலும் இருட்டாக்கும் திரை என்று அவர்களது பட்டியல் நீள்கிறது. பள்ளிப்படிப்பை முடிக்கும் மகள் அந்தப் பயணத்தில் மூன்றாம் காவலாக உடன் வருவாளா என்பது மட்டும் முடிவாகவில்லை. அவள் வந்தால் 36 அடி, வராவிட்டால் 34 என்று எழுதி, அந்த வரியை இப்போதைக்குத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.